பெங்களூரில் சைக்கிள்: தூரம் பார்க்காதீர்கள், மேடு பள்ளம் பாருங்கள்

பெங்களூரில் புதிதாக சைக்கிள் வாங்கி ஆபீஸ் போகத் தொடங்குகிறவர்களில் பலர் ஒன்றிரண்டு மாதத்திலேயே விட்டுவிடுகிறார்கள். டிராஃபிக்தான் காரணம் என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவர்கள் பிடித்த வழி. ஃபோன் மேப் காட்டும் மிகக் குறுகிய வழியில் போனால் பஸ்களுக்கு நடுவே சிக்கி, ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறி, சட்டை நனைந்து ஆபீஸ் போய்ச் சேர வேண்டியிருக்கும். ஒரு கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றினாலும் நல்ல வழி என்று ஒன்று எப்போதும் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க இந்த ஊரின் நிலம் எப்படிக் கிடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

நிலத்தைப் படிப்பது

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஒரு பீடபூமியின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. வடக்கிலிருந்து தெற்காக ஒரு மேட்டு வரி ஓடுகிறது. அதற்கு மேற்கே விழும் மழைநீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகிறது. கிழக்கே விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. இந்த மேட்டிலிருந்து இரண்டு பக்கமும் பள்ளத்தாக்குகள் இறங்குகின்றன. அவற்றின் குறுக்கே கரை கட்டி ஏரிகளை உண்டாக்கியிருக்கிறார்கள்.

சைக்கிள்காரருக்கு இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. முதலாவது: ஏரி இருக்கும் இடம் பள்ளம், அங்கிருந்து புறப்பட்டால் பெரும்பாலும் ஏற்றம். அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்திலிருந்து எம்.ஜி. ரோடு போக டிரினிட்டி சர்க்கிள் வரை மிதித்துப் பாருங்கள், தொடை சொல்லும். இரண்டாவது: மேட்டு வரியை ஒட்டிப் போகிற சாலை ஏறக்குறைய சமமாக இருக்கும், பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டுகிற சாலை இறக்கி ஏற்றும். தொம்லூரிலிருந்து கோரமங்களாவுக்கு இன்னர் ரிங் ரோட்டில் போகிறவர்களுக்கு இது பழக்கம்.

கோமூட், ரைடுவித்ஜிபிஎஸ் போன்ற செயலிகளில் வழியை வரைந்தால் ஏற்ற இறக்கக் கோடு தெரியும். ஒரே இடத்துக்கு மூன்று வழிகளை வரைந்து, மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்று ஒப்பிடுங்கள். 10 கிலோமீட்டரில் 60 மீட்டருக்குள் இருந்தால் சுகமான வழி. 120 மீட்டரைத் தாண்டினால் தினசரி போக்குவரத்துக்கு வேறு வழி தேடலாம்.

அடுத்து டிராஃபிக். இந்திராநகர், ஜெயநகர், எச்.எஸ்.ஆர். லேஅவுட் போன்ற இடங்களில் மெயின் எனப்படும் தெருக்கள் ஒரு திசையிலும் கிராஸ் எனப்படும் தெருக்கள் அதற்குக் குறுக்கேயும் கட்டம் போட்டதுபோல் ஓடுகின்றன. 100 அடி ரோட்டில் போவதற்குப் பதில், அதற்கு இணையாக உள்ளே இரண்டாவது மெயினில் போங்கள். பஸ் வராது, நிழல் இருக்கும், சிக்னல் குறைவு. ஆனால் எல்லா இடத்திலும் உள்தெரு வழிவிடாது. ரயில் தண்டவாளம், ராணுவ நிலம், எச்.ஏ.எல். விமான நிலையச் சுவர் ஆகிய மூன்றும் ஊரைத் துண்டு போடுகின்றன. இவற்றைக் கடக்கும் பாலங்களும் சுரங்கப்பாதைகளும் சில இடங்களில்தான் உண்டு, எல்லா வண்டியும் அங்கேதான் வந்து குவியும். வழி போடும்போது முதலில் கடக்கும் இடத்தை முடிவு செய்துவிட்டு, அங்கே வரைக்கும், அங்கிருந்தும் உள்தெருக்களைக் கோத்துக்கொள்வதுதான் சரியான முறை. மேப்பில் நடப்பவர் வழியை வைத்தால் சந்துகளும் தெரியும். ராணுவக் குடியிருப்புக் கேட் வழியாகக் காட்டினால் மட்டும் நம்பாதீர்கள், பொதுமக்களை விடமாட்டார்கள்.

போட்ட வழியை ஞாயிறு காலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒருவழித் தெரு, பெயின்ட் அடிக்காத ஹம்ப் (வேகத்தடை), நாய்கள் கூடும் முனை எல்லாம் அப்போது தெரியும். ஒருவழித் தெருவில் எதிர்த்திசையில் போவதை வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். முனையில் திரும்புகிற ஆட்டோ டிரைவர் எதிர்ப்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை.

சைக்கிள் பாதை இருக்கிறதே என்று கேட்கலாம். 2020இல் அவுட்டர் ரிங் ரோட்டில் கே.ஆர். புரம் அருகே லௌரி ஜங்ஷன் முதல் சில்க் போர்டு வரை 17 கிலோமீட்டருக்குத் தனிப் பாதை போடத் தொடங்கினார்கள். நல்ல முயற்சி. ஆனால் தடுப்புத் தூண்கள் உடைந்தன, வண்டிகள் உள்ளே வந்தன, பிறகு மெட்ரோ வேலையும் சேர்ந்துகொண்டது. அந்தப் பாதையை நம்பி வழி போட முடியாது. நகர மையத்தில் டெண்டர்ஷ்யூர் முறையில், அதாவது நடைபாதை, குழாய், கேபிள் எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில் சேர்த்துக் கட்டிய சாலைகளில் தரை நன்றாக இருக்கும், சாக்கடை மூடிகள் சமமாக இருக்கும். மையத்தில் அவற்றையே தேர்ந்தெடுங்கள்.

எந்த சைக்கிள், எந்த கியர்

தினமும் 5 முதல் 15 கிலோமீட்டர் போக, ரோடு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவான ஹைப்ரிட் போதும்: முன்னால் சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க், 700×35 அல்லது 38 டயர் (35, 38 என்பது மி.மீ. அகலம்), டிஸ்க் பிரேக். மலிவான சஸ்பென்ஷன் ஃபோர்க் எடையைக் கூட்டுகிறது, இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்து இறுகுகிறது. அந்தப் பணத்தை டயரிலும் பிரேக்கிலும் போடுங்கள். கியர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். பின்னால் இருக்கிற பெரிய பல்சக்கரத்தில் 32 பல்லாவது இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஏற்றத்தில் காப்பாற்றுவது அதுதான்.

வீட்டில் பழைய கியர் இல்லாத சைக்கிள் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பின் ஃப்ரீவீல் பெரும்பாலும் 18 பல் இருக்கும். அதைக் கழற்றி 22 பல் போடச் சொல்லுங்கள், சிறிய செலவு. செயினில் ஒன்றிரண்டு கண்ணி கூட்ட வேண்டி வரலாம். சமதரையில் வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் டிரினிட்டி ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியிராது.

சீட் உயரம்: குதிகாலை பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோகும்போது கால் முழுதும் நீள வேண்டும். அப்படி வைத்தால், முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். ஊரில் பெரும்பாலோர் சீட்டைத் தாழ்த்தி வைத்துவிட்டு முட்டி வலிக்கிறது என்கிறார்கள். ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் 300 லூமனாவது உள்ள வெள்ளை விளக்கு ஆகியவை சைக்கிளோடு சேர்த்து வாங்க வேண்டியவை. பூட்டு யு வடிவில் இருக்கட்டும். பின் சக்கரத்தையும் ஃப்ரேமையும் சேர்த்துக் கம்பியில் பூட்டுங்கள். கேபிள் பூட்டை வெட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது.

காற்றும் பஞ்சரும்

பெங்களூரில் பஞ்சரானால், துளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

டியூபின் வெளிப்புறத்தில் ஒரே ஒரு சின்னத் துளை என்றால் முள், ஆணி, அல்லது லாரி டயரிலிருந்து தெறிக்கும் மெல்லிய கம்பி. இந்தக் கம்பி தலைமுடி அளவுதான் இருக்கும், டயர் ரப்பருக்குள் புதைந்திருக்கும். அதை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால் மறுநாள் அதே இடத்தில் பஞ்சர். பக்கம் பக்கமாக இரண்டு துளைகள் இருந்தால், காற்று குறைவாக இருந்தபோது குழியிலோ ஹம்பிலோ இடித்து, டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. டியூபின் உட்புறம், அதாவது ரிம் பக்கம் துளை இருந்தால், ஸ்போக்ஸ் முனையை மூடியிருக்கும் ரிம் டேப் விலகிவிட்டது. எத்தனை முறை ஒட்டினாலும் டேப்பைச் சரிசெய்யாமல் தீராது. வால்வு அடியில் கிழிந்தால், காற்று குறைந்த டயரோடு ஓட்டி டியூப் நகர்ந்திருக்கிறது.

65 முதல் 75 கிலோ எடையுள்ளவருக்கு 700×35 டயரில் பின்னால் 60, முன்னால் 55 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) சரியாக இருக்கும். 26×2.1 எம்.டி.பி. (மலை சைக்கிள்) டயரில் பின்னால் 40, முன்னால் 35. கெட்டியாக இருக்கட்டும் என்று டயர் ஓரத்தில் போட்டிருக்கும் உச்ச அளவுக்கு அடித்தால் ஹம்ப் ஒவ்வொன்றும் மணிக்கட்டில் இறங்கும், மழையில் பிடிப்பும் குறையும். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது போதாது. அளவுமானி உள்ள ஃப்ளோர் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும், வாரம் ஒருமுறை அடியுங்கள். பெட்ரோல் பங்கில் கார் வால்வு டியூபுக்குத்தான் அடிக்க முடியும். அங்கேயும் விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கச் சொல்லுங்கள். சைக்கிள் டியூபின் கொள்ளளவு குறைவு, கண்மூடித் திறப்பதற்குள் அளவு மீறி வெடித்துவிடும்.

பையில் ஒரு மாற்று டியூப், இரண்டு டயர் லீவர், கைப் பம்பு, பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், ஒரு துணி. சக்கரம் நட்டில் மாட்டியிருந்தால் 15 மி.மீ. ஸ்பேனரும் வேண்டும். பின் சக்கரத்தைக் கழற்றுமுன் செயினைச் சின்னப் பல்லுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், எளிதாக வரும். டியூபை உருவுமுன் வால்வு டயரில் எந்த எழுத்துக்கு நேராக இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். டியூபில் காற்றடித்துத் துளையைக் கண்டதும், அதே அளவில் டயர்மேல் வைத்துப் பார்த்தால் ஆணி எங்கே குத்தியிருக்கிறது என்று தெரிந்துவிடும். டயர் உட்புறத்தைத் துணியால் தடவுங்கள். வெறும் விரலால் தடவினால் கம்பி கிழிக்கும். கம்பி இருந்தால் துணி மாட்டி இழுக்கும்.

ஒட்டும்போது நடக்கும் பெரிய தவறு அவசரம். உப்புத்தாளால் தேய்த்து டியூபின் பளபளப்பை எடுத்துவிட்டு, பேட்சைவிட அகலமாக, மெல்லிசாக சொல்யூஷன் தடவி, ஐந்து நிமிடம் காயவிடுங்கள். தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது, பார்த்தால் மினுமினுக்கக் கூடாது. ஈரத்தோடு வைத்த பேட்ச் அடுத்த கிலோமீட்டரில் தூக்கிவிடும். பேட்சை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு நிமிடம் அழுத்துங்கள். டியூபில் உருண்டை பிடிக்கிற அளவுக்கு மட்டும் காற்று விட்டு உள்ளே வையுங்கள், இல்லாவிட்டால் லீவர் மாட்டிக் கிள்ளும். டயரை ரிம்முக்குள் ஏற்றும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் முடியுங்கள். வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி இழுத்து, டியூப் எங்கும் மாட்டவில்லை என்று சுற்றிலும் பார்த்த பிறகு காற்றடியுங்கள்.

பெரிய குழியில் விழுந்தபின் சக்கரம் சுற்றுக்கு ஒருமுறை பிரேக்கில் உரசினால் கோட்டம் விழுந்திருக்கிறது. பக்கத்துக் கடையில் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். தள்ளிப் போட்டால் தளர்ந்த ஸ்போக்ஸ் கம்பிக்குப் பக்கத்தில் இருப்பது உடையும், பிறகு வரிசையாகப் போகும்.

மழையில்

ஏப்ரல், மே மாதங்களில் சாயங்கால இடிமழை, அக்டோபர் வரை விட்டு விட்டு மழை. முதல் மழைதான் அதிகம் வழுக்கும். பல மாதத் தூசியும் எண்ணெயும் சேர்ந்து பசையாகிவிடும். பெருங்கொன்றை மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கும் தெருவில், நனைந்த பூவின் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் நேராகச் சறுக்கும். மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் போட்டிருக்கும் இரும்புத் தகடு, சாக்கடை மூடி, தடித்த வெள்ளைக் கோடு இவற்றை நேராகக் கடந்து போங்கள். அவற்றின் மேல் திரும்பவோ பிரேக் பிடிக்கவோ வேண்டாம். ரிம் பிரேக் என்றால், நனைந்த ரிம்மைத் துடைக்கவே முதலிரண்டு சுற்று போய்விடும். வழக்கத்தைவிட முன்பே லேசாகப் பிடிக்கத் தொடங்குங்கள்.

தண்ணீர் நிற்கும் இடமும் நிலத்தின் கிடப்பைப் பொறுத்ததுதான். பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் சில்க் போர்டு, கோரமங்களாவின் தாழ்வான பகுதிகள், பெல்லந்தூர் ஒட்டிய அவுட்டர் ரிங் ரோடு எல்லாம் முதலில் முழுகும். 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் கார் சிக்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார். தண்ணீர் நிற்கும் சுரங்கப்பாதைக்குள் சைக்கிளோடு இறங்கவே கூடாது. மழைக்காலத்துக்கு மேட்டு வரியை ஒட்டிய இரண்டாவது வழி ஒன்றைத் தனியாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை.

நனைந்து வந்த அன்றே செயினைத் துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு செயின் ஆயில் விட்டு, பத்து நிமிடம் கழித்து மேலே இருப்பதைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெயும் எஞ்சின் ஆயிலும் வேண்டாம், செம்மண்ணை இழுத்து அரைக்கிற மாவாக ஆக்கிவிடும். புதுச் செயினில் 24 கண்ணி 30.5 செ.மீ. நீளம். அது 30.6ஐத் தாண்டினால் செயினை மாற்றுங்கள். விட்டால் பல்சக்கரங்களையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும்.

சாலையில் எப்போதும் ஓரத்திலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே ஓட்டுங்கள். ஓரத்தில்தான் மண்ணும், கண்ணாடித் துண்டும், திடீரென்று திறக்கும் கார்க் கதவும். நிறுத்தத்துக்கு ஒதுங்குகிற பி.எம்.டி.சி. பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒருபோதும் நுழையாதீர்கள். பின்னால் காத்திருங்கள், அல்லது கை காட்டி வலப்புறமாகத் தாண்டுங்கள்.

மெட்ரோவும் வாடகை வண்டியும்

நம்ம மெட்ரோவில் சாதாரண சைக்கிளை ஏற்ற முடியாது. மடக்கு சைக்கிளுக்கு 2022இல் அனுமதி வந்தது: மடக்கிய அளவு 60×45×25 செ.மீ., எடை 15 கிலோவுக்குள் இருக்க வேண்டும், பை சோதிக்கும் கருவி வழியாகப் போக வேண்டும், கடைசிப் பெட்டியில் ஏற வேண்டும். வாங்குமுன் டேப் வைத்து அளந்து பாருங்கள். 20 அங்குலச் சக்கர மடக்கு சைக்கிள்களில் பெரும்பாலானவை மடக்கிய பிறகும் 75 செ.மீ.க்கு மேல் இருக்கும்.

நிலையம் இல்லாமல் எங்கும் எடுத்து எங்கும் விடும் வாடகை சைக்கிள்கள் 2017, 2018இல் இங்கே பல வந்தன, பெரும்பாலானவை போய்விட்டன. அதே 2017இல் மைசூரில் தொடங்கிய டிரின் டிரின் திட்டத்தில் நிலையத்தில் எடுத்து நிலையத்தில்தான் விட வேண்டும். பெங்களூரில் இன்று வாடகைக்குக் கண்ணில் படுவது பெரும்பாலும் யூலு மின்வண்டி. அதன் மிராக்கிள் வண்டியில் பெடல் கிடையாது, வேகம் 25 கிலோமீட்டருக்குள், அதனால் லைசென்ஸ் தேவையில்லை. மெட்ரோ நிலையத்திலிருந்து ஆபீஸுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் போக இது நல்ல வழி. க்யூஆர் ஸ்கேன் செய்யுமுன் மூன்றைப் பாருங்கள்: இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா, செயலியில் பேட்டரி எவ்வளவு காட்டுகிறது. இறங்கும் இடத்துக்கு அருகே யூலு மண்டலம் உள்ளதா என்றும் கிளம்புமுன்னே பார்த்துவிடுங்கள். மண்டலத்துக்கு வெளியே சவாரியை முடிக்க முயன்றால் நேரமும் காசும் வீண்.

ஞாயிற்றுக்கிழமை

குழந்தைகளோடு என்றால் கப்பன் பார்க். ஞாயிறுகளில் உள்சாலைகளில் மோட்டார் வண்டிகளை விடுவதில்லை. ஏரிக்கரை நடைபாதைகள் பலவற்றில் சைக்கிளுக்குத் தடை உண்டு, வாசல் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

மண்பாதை வேண்டுமென்றால் தெற்கே துரஹள்ளி. பாறையும் செம்மண்ணும் யூகலிப்டஸும் கலந்த சிறிய காடு, எம்.டி.பி. பழக ஏற்ற இடம். வனத்துறை நிலம் என்பதால் நுழைவு விதிகள் மாறும், காவலரிடம் கேட்டுவிட்டே போங்கள். சிறுத்தை நடமாட்டம் உண்டு, வெளிச்சம் வந்தபின் நுழைந்து இருட்டுமுன் வெளியேறுங்கள். டயர் காற்றைப் பின்னால் 30, முன்னால் 26 என்று குறைத்தால் கல்லில் பிடிப்பு வரும். வடமேற்கே ஹெசரகட்டா ஏரி 1894இல் கட்டியது. அதை ஒட்டிய புல்வெளியில் ஏற்கெனவே இருக்கும் தடத்தில் மட்டும் ஓட்டுங்கள், புல்லுக்குள் தரையிலேயே கூடு கட்டும் பறவைகள் இருக்கின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்குக் காற்று பலமாக அடிக்கும். போகும்போது மேற்கே போனால் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும்.

நந்தி மலை நகர மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். கடைசி 7, 8 கிலோமீட்டர்தான் மலை, அதிலும் உச்சியை நெருங்கும் வளைவுகள் செங்குத்து. அடிவாரத்தில் சக்தியைச் செலவழிக்காதீர்கள். பேச முடிகிற அளவு மூச்சோடு ஏறத் தொடங்கி, மிக லேசான கியரைக் கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு மிச்சம் வையுங்கள். இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். முன்னும் பின்னும் மாற்றி மாற்றி, வளைவுக்கு முன்பே பிடித்து, வளைவில் விடுங்கள். வார இறுதியில் எதிரே கார்கள் வரிசை கட்டும். நுழைவு நேரத்தை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டு எல்லை வரை போக ஆசைப்படுகிறவர்கள் ஓசூர் நெடுஞ்சாலையை விட்டுவிட்டு ஆனேக்கல் வழியாகத் தளிக்குப் போகலாம். ஏற்றம் இறக்கம் அலையலையாக வரும், சாலை நிழலாக இருக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் இரண்டு டியூபும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனேக்கல் தாண்டினால் கியர் சைக்கிள் பாகம் கிடைக்கும் கடை அரிது. தளியைத் தாண்டி ஜவளகிரி பக்கம் யானைகள் சாலையைக் கடக்கும். காட்டுப் பகுதிக்குள் போவதானால் காலை எட்டு மணிக்குப் பிறகு போய், பிற்பகல் மூன்று மணிக்குள் தளிக்குத் திரும்பிவிடுங்கள். சாலையில் புதுச் சாணமோ ஒடிந்த கிளையோ தெரிந்தால் அங்கேயே திருப்புங்கள்.